இந்த ஏஐ இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்?

அக்கா மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கவுன்சிலிங்கில் எந்தக் கோர்ஸ் எடுப்பது என்று குடியாத்தம் வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. காட்பாடியில் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன் என்பதால், கம்ப்யூட்டர் சம்பந்தமான எதற்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடா, இவன் நாலு வருஷம் படிச்சிட்டு வெளிய வர்றதுக்குள்ள இந்த ஏஐ எங்கயோ போயிடும்னு சொல்றாங்களே, நெசமா? இப்படியே வளந்துகினே போகுமா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கணக்குப் போடும் திறன் எப்படி வளர்கிறது என்பது ஒன்று. அந்தத் திறனைத் தின்று ஏஐ எப்படி வளர்கிறது என்பது இன்னொன்று. செய்திகளில் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை, கணக்கையெல்லாம் ஒருமுறை சரிபார்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிப்

கம்ப்யூட்டரின் மூளை என்கிறோமே, அந்த பிராசசருக்குள் இருப்பவை டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி சுவிட்ச். வீட்டு சுவிட்சை விரல் தட்டுகிறது. இதை இன்னொரு சுவிட்சிலிருந்து வரும் மின்சாரம் தட்டுகிறது. கூட்டல், பெருக்கல், படம், பாட்டு எல்லாமே இந்த சுவிட்சுகள் கூடிச் செய்கிற வேலைதான். எத்தனை சுவிட்ச் இருக்கிறது, நொடிக்கு எத்தனை முறை தட்டலாம் என்பதைப் பொறுத்தது கணினித் திறன்.

1965-ல் கார்டன் மூர் என்பவர் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அப்போது இன்டெல் கம்பெனியே கிடையாது. கூட்டாளியோடு சேர்ந்து அதை அவர் தொடங்கியது 1968-ல். ஒரு சிப்பில் மலிவாக அடக்கக்கூடிய பாகங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன, 1975-ல் அது 65,000 ஆகிவிடும் என்று அதில் சொன்னார். அவர் கையில் இருந்தது சில ஆண்டுகளின் புள்ளிகள் மட்டும். அவற்றின் வழியாக ஒரு கோடு இழுத்து அப்படியே நீட்டினார். 1975-ல் அவரே திருத்திக்கொண்டு, இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் இரட்டிப்பு என்றார். இதற்கு மூர் விதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். விதி என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. மேலே எறிந்த கல் கீழே விழுவது விதி. இது சிப் கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட கெடு.

கெடுவைக் காப்பாற்றினார்களா? 1971-ல் வந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு இரட்டிப்பு என்றால் 50 ஆண்டில் 25 இரட்டிப்பு. "போட்டுப் பாருடா" என்று போனை அக்கா மகனிடம் கொடுத்தேன். பத்து முறை வரை அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, 23 லட்சம்தான் வந்திருந்தது. இருபதாவது முறையில் 241 கோடி. இருபத்தைந்தில் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, 7,717 கோடி."

2022-ல் என்விடியா கம்பெனி ஏஐ வேலைக்காக வெளியிட்ட எச்100 சிப்பில் இருப்பவை 8,000 கோடி டிரான்சிஸ்டர்கள். அரை நூற்றாண்டுக் கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கே ஆச்சரியம்.

இதில் ஒரு சின்ன ஏமாற்று வேலை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 4004 துவரம்பருப்பு அளவு, 12 சதுர மில்லிமீட்டர். எச்100 தபால்தலை அளவு, 814 சதுர மில்லிமீட்டர். ஆக, கொஞ்சம் வளர்ச்சி மனையைப் பெரிதாக்கியதால் வந்தது. ஒரே அளவு இடத்தை எடுத்துக்கொண்டால் நெருக்கம் சுமார் 5 லட்சம் மடங்கு கூடியிருக்கிறது. அது 19 இரட்டிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2.7 ஆண்டு. அப்படிப் பார்த்தாலும் பிரமாதம்தான், ஆனால் பேசிக்கொள்வதைவிட மெதுவான பிரமாதம்.

இன்னொன்று. "3 நானோமீட்டர் சிப்", "2 நானோமீட்டர் சிப்" என்று விளம்பரம் வருகிறதே, அந்த எண் இப்போது வெறும் பெயர். சிப்புக்குள் அளந்து பார்த்தால் அந்த அளவில் ஒரு பாகமும் அகப்படாது. பாலாற்றில் பால் ஓடுகிறதா என்ன? ஒரு நானோமீட்டர் நீளத்தில் நாலைந்து சிலிக்கான் அணுக்கள் வரிசையாக நின்றாலே இடம் முடிந்துவிடும். சுருக்கிக்கொண்டே போவதற்கு அடியில் ஒரு தரை இருக்கிறது, அது வெகு தூரத்தில் இல்லை.

வேலூர் வெயிலும் பென்டியமும்

2004-ல் சென்டருக்கு ஒரு பென்டியம் 4 வாங்கினேன். வேகம் 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 300 கோடி துடிப்பு. இன்று கடையில் புது லேப்டாப் கேட்டாலும் 3, 4, மிஞ்சினால் 5 என்றுதான் சொல்வார்கள். இருபது வருடமாக அந்த எண் ஏன் நகரவில்லை?

சூடுதான் காரணம். அந்த பென்டியம் எனக்கு அதை அப்போதே சொல்லிக்கொடுத்தது. கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தானாக அணைந்துவிடும். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து வகுப்பு நடத்துவேன்; பிள்ளைகள் வேர்வையில் உட்கார்ந்திருப்பார்கள். வேலூர் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். சிப் செய்கிறவர்களும் அதே சூட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

1974-ல் ஐபிஎம்மைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் குழுவினரும் ஒரு நல்ல சேதி சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சுருக்கினால் அதற்குத் தரும் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். அதனால் எத்தனை நெருக்கமாக அடுக்கினாலும் அதே இடத்தில் சூடு ஏறாது. முப்பது ஆண்டு அந்தப் புண்ணியத்தில்தான் ஓடியது. சுருக்கச் சுருக்க வேகம் இலவசமாகக் கிடைத்தது. 2005 வாக்கில் அது நின்றது. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் காப்புப் படலம் சில அணுக்கள் கனத்துக்கு மெலிந்துபோய், சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது, வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியவில்லை. வேகத்தைக் கூட்டினால் சிப் வெந்துவிடும்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. வேகமான ஒரு கைக்குப் பதிலாக நிறையக் கைகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

பீடி சுற்றும் வீடுகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எங்கள் அம்மா பீடி சுற்றினார். காண்ட்ராக்டர் இலையும் தூளும் நூலும் கொடுப்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பத்து லட்சம் பீடி வேண்டுமென்றால், மின்னல் வேகத்தில் சுற்றுகிற ஒரு பெண்ணை யாரும் தேட மாட்டார்கள். ஆயிரம் வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். என் அம்மா சுற்றும் பீடி எதிர் வீட்டுப் பெண் சுற்றும் பீடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்யாண ரவிக்கை தைப்பது அப்படியில்லை. அளவு எடுத்த பிறகுதான் வெட்ட முடியும், வெட்டிய பிறகுதான் தைக்க முடியும். அதற்கு ஒரு கைதேர்ந்த டெய்லர் வேண்டும்.

நம் கம்ப்யூட்டரின் வழக்கமான பிராசசர் அந்த டெய்லர். ஜிபியு என்பது பீடி சுற்றும் ஆயிரம் வீடு. வீடியோ கேம் படங்களுக்காகச் செய்யப்பட்டது அது. திரையில் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தனித்தனியாகக் கணக்கிடலாம், ஒன்றுக்கு ஒன்று காத்திருக்காது.

ஏஐயின் நியூரல் நெட்வொர்க்கும் உள்ளே பார்த்தால் பீடி வேலைதான். கோடிக்கணக்கான எண்களைப் பெருக்கு, கூட்டு, அடுத்த அடுக்குக்கு அனுப்பு. 2012-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் 12 லட்சம் படங்களைக் காட்டி ஒரு நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். பயன்படுத்தியது கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் இரண்டே ஜிபியு கார்டு. ஐந்தாறு நாள் ஓடியது. படத்தில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்கும் போட்டியில் இரண்டாமிடம் வந்தவர்களின் பிழை 26 சதவீதம், இவர்களுடையது 15. நியூரல் நெட்வொர்க் என்ற யோசனை பல பத்தாண்டுப் பழையது. அதற்கு வேண்டிய கைகள்தான் அதுவரை கிடைக்காமல் இருந்தன.

அம்மாவிடம் கேட்டால் இன்னொரு உண்மையும் சொல்வார். இலை வராத நாளில் எவ்வளவு வேகமான கையும் சும்மாதான் இருக்கும். ஜிபியுவுக்கும் இன்றைய பெரிய தலைவலி அதுதான். பெருக்குவது வேகம், பெருக்க வேண்டிய எண்கள் மெமரியிலிருந்து வந்து சேருவது மெதுவு. ஏஐ பழகியதெல்லாம் அதற்குள் எண்களாகத்தான் இருக்கிறது; ஒரு சொல் துண்டை எழுதும் ஒவ்வொரு தடவையும் அந்த எண்களை மறுபடி படித்தாக வேண்டும். 7,000 கோடி எண் கொண்ட ஒரு மாடல் (பழக்கி முடித்த ஏஐயை அப்படித்தான் சொல்வார்கள்), எண்ணுக்கு இரண்டு பைட் வைத்தால் 140 ஜிபி. எச்100-ன் மெமரியோ 80 ஜிபி. ஒரு சிப்பில் அடங்காது. அதனால்தான் மெமரியை மாடி மாடியாக அடுக்கி சிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கிறார்கள். எச்100-ல் நொடிக்கு 3.35 டெராபைட் வரை பாய்கிறது. சிப் எத்தனை வேகம் என்பதைத்தான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். நான் முதலில் இலை வரும் வேகத்தைத்தான் பார்ப்பேன்.

மீதியை யார் கொடுக்கிறார்கள்?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2020-ல் வந்த, சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 மாடலைப் பழக்கத் தேவைப்பட்ட கணக்குகள் 3.14-ஐ பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவது. உலகத்தின் 800 கோடிப் பேரும் தூங்காமல் நொடிக்கு ஒரு கணக்கு போட்டாலும் முடிக்க 12 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். 2012-ன் அந்த இரண்டு கார்டு வேலையோடு ஒப்பிட்டால், எட்டே ஆண்டில் பல லட்சம் மடங்கு.

மூர் சொன்ன வேகம் என்பது ஆண்டுக்கு சுமார் 1.4 மடங்கு. மிகப் பெரிய ஏஐ மாடல்களைப் பழக்கச் செலவாகும் கணக்கோ 2010-லிருந்து ஆண்டுக்கு 4 முதல் 5 மடங்கு கூடிவருவதாக, இதையே கணக்கெடுத்துவரும் எபோக் ஏஐ என்ற ஆய்வுக் குழு சொல்கிறது. 1.4 எங்கே, 4 எங்கே? மீதி எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் சாமர்த்தியத்தால் வந்தது. 32 இரும இலக்கத்தில் வைத்திருந்த எண்களை 16, 8, இப்போது 4 வரை குறுக்கிவிட்டார்கள். பைசாவை விட்டுவிட்டு ரூபாயாக ரவுண்டு செய்வது போல. ஏஐக்கு அந்தத் துல்லியம் போதும் என்று தெரிந்துவிட்டது. சிப்பையும் இந்தப் பெருக்கலுக்கென்றே வடிவமைத்தார்கள். அது போக மீதியெல்லாம் பணம். இரண்டு கார்டுக்குப் பதில் ஆயிரம், பிறகு பத்தாயிரம், பிறகு லட்சம். ஐந்து நாளுக்குப் பதில் சில மாதங்கள்.

அதே குழுவின் கணக்குப்படி, முன்னணி மாடலைப் பழக்கும் செலவு 2016-லிருந்து ஆண்டுக்கு 2.4 மடங்கு ஏறியிருக்கிறது. பத்து வருடம் இப்படியே ஏறினால் என்ன ஆகும் என்று அக்கா மகனிடம் கேட்டேன். 6,340 மடங்கு என்றான். இன்று 100 கோடி ரூபாய் என்றால் அப்போது 6,34,000 கோடி.

"யார்றா குடுப்பா அவ்ளோ?" என்றாள் அக்கா, ரசம் ஊற்றிக்கொண்டே.

அதேதான் கேள்வி. மகளிர் குழுக் கணக்கு எழுதியே பழகியவளுக்கு அது உடனே பட்டுவிட்டது. சிப் முன்னேறுவதும் பர்ஸ் பெருப்பதும் வேறு வேறு சங்கதி. நெருக்கம் மெதுவாக ஏறும், ஆனால் நிலைக்கும். பர்ஸ் வேகமாக ஏறும், ஒரு நாள் அடி தெரிந்துவிடும்.

பணத்துக்கு முன்னால் கரண்ட் போதாமல் போனாலும் ஆச்சரியமில்லை. ஒரு எச்100 இழுப்பது 700 வாட் வரை, ஒன்பது சீலிங் ஃபேன். 2024-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் எக்ஸ்ஏஐ நிறுவனம் ஒரு லட்சம் எச்100-ஐ ஒரே இடத்தில் வைத்தது. சிப்புக்கு மட்டும் 70 மெகாவாட். ஒன்றரை டன் ஏசி ஒன்றரை கிலோவாட் என்று வைத்தால், 46,000-க்கும் மேற்பட்ட ஏசி இரவு பகலாக ஓடுவதற்குச் சமம். அந்தச் சூட்டை வெளியேற்ற ஆகும் கரண்ட் தனி. இப்படிக் கம்ப்யூட்டர்களைக் குவித்து வைக்கும் டேட்டா சென்டர்கள் உலகம் முழுக்க எல்லாம் சேர்ந்து 2024-ல் எடுத்தது சுமார் 41,500 கோடி யூனிட், உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-ல் அது 94,500 கோடி யூனிட் ஆகலாம் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. சிப்பை சில மாதத்தில் வாங்கிவிடலாம். மின் நிலையமும் உயரழுத்தக் கம்பியும் போட வருடங்கள் ஆகும்.

தொண்ணூற்றைந்துக்குப் பிறகு

சரி, இவ்வளவு கொட்டினால் ஏஐ எவ்வளவு கெட்டிக்காரன் ஆகிறது? பரீட்சை மார்க் மாதிரிதான். 35-லிருந்து 60-க்கு ஒரு மாத டியூஷன் போதும். 95-லிருந்து 98-க்கு உயிர் போகும். 2020-ல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள்: கணக்கைப் பத்து மடங்கு கூட்டினால் பிழை ஒரு சிறு அளவு குறைகிறது, மறுபடி அதே பங்கு குறைய இன்னொரு பத்து மடங்கு வேண்டும். இதில் நல்ல செய்தியும் உண்டு. இதை வரைபடமாகப் போட்டால் வரும் கோடு பெரும் தூரத்துக்கு வளையாமல் போனது. கம்பெனிகள் துணிந்து பணம் போட்டதற்கு அந்தக் கோடு ஒரு பெரிய காரணம்.

2022-ல் டீப்மைண்ட் நிறுவனம் அதில் ஒரு திருத்தம் செய்தது. 28,000 கோடி எண் கொண்ட தன் பழைய மாடலை, 7,000 கோடி எண் மட்டுமே கொண்ட சின்சில்லா என்ற புது மாடலால் தோற்கடித்தது. ஏறக்குறைய அதே கணக்குச் செலவுதான். வித்தியாசம், சின்ன மாடலுக்கு நாலு மடங்குக்கும் மேல் அதிகமாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஆம்பூரில் எந்த பிரியாணி மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார்: பெரிய தேக்சாவில் கொஞ்சம் அரிசி போட்டால் அடி பிடிக்கும். ஆனால் இதன் அர்த்தம், மாடல் பெருக்கப் பெருக்க மனிதர்கள் எழுதிய நல்ல எழுத்தும் அதே வேகத்தில் வேண்டும். உலகத்தில் அது அளவோடுதான் இருக்கிறது.

தமிழில் இன்னும் குறைவு. போதாததற்கு நம் எழுத்துக்குக் கூலியும் அதிகம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறிதான். "கத்தரிக்காய்" என்று எழுத 36 பைட். அதையே ஆங்கிலத்தில் brinjal என்று எழுதினால் 7. ஏஐ எழுத்தைத் துண்டுகளாக்கித்தான் படிக்கிறது, ஆரம்ப கால மாடல்கள் தமிழ்ச் சொல்லைச் சுக்குநூறாக நறுக்கின. அதே கேள்வியைத் தமிழில் கேட்டால் அதிகக் கணக்கு, அதிகக் காசு. புதிய மாடல்களில் இது நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் சமமாகவில்லை. இலவம்பாடிக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, கத்தரிக்காய் என்ற சொல்லுக்குத்தான் இன்னும் நியாயம் கிடைக்கவில்லை.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது: வேலை செய்யும் முறையை மாற்றுவது. 2012-ல் அந்த டொராண்டோ நெட்வொர்க் செய்ததை 2019-ல் 44-ல் ஒரு பங்கு கணக்கிலேயே செய்ய முடிந்தது. சிப் மாறியதால் வந்த லாபம் இதில் சேரவில்லை, முறை மட்டும் மாறியதால் வந்தது. 2024-லிருந்து இன்னொரு முறை. பழக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டாமல், கேள்வி வந்த பிறகு கூடுதல் நேரம் யோசிக்கவிடுவது. கஷ்டமான கணக்குக்குக் கூடுதல் தாள் வாங்கி எழுதுகிற பையன் மாதிரி. குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று வாட்ஸாப்பில் வருவதை மட்டும் நம்ப வேண்டாம். சில குறிப்பிட்ட கணக்குகளுக்கு அது பெரிய வரம், மற்ற எல்லாவற்றையும் வேகமாக்கும் இயந்திரம் அது கிடையாது.

"அப்போ கடைசியா இன்னாதான் சொல்ற?" என்றாள் அக்கா. இலையெல்லாம் எடுத்தாகிவிட்டது.

நான் நினைப்பதைச் சொன்னேன். இவன் படித்து முடிக்கும் வரை வளர்ச்சி நிற்காது. அதற்கான கட்டடங்கள் இப்போதே எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஆண்டுக்கு நாலு மடங்கு என்ற ஓட்டம் பணத்தில் ஓடுகிறது, அது தளரும். அதன் பிறகு யார் முந்துவார்கள் என்பது முறையை மாற்றுகிறவர்கள் கையில். கம்ப்யூட்டர் சயின்ஸோ, எலக்ட்ரிகலோ, கணக்கை மட்டும் விட்டுவிடாதே என்று அவனிடம் சொன்னேன்.

"ஆனா மாமா, பெரிய பெரிய ஆளுங்க வேற மாதிரி சொல்றாங்களே?"

சொல்வார்கள். 1965-லேயே ஹெர்பர்ட் சைமன், பிறகு நோபல் பரிசு வாங்கியவர், மனிதன் செய்யும் எந்த வேலையையும் இருபது ஆண்டில் இயந்திரம் செய்துவிடும் என்றார். 1985 வந்து போய்விட்டது. தாமதமாகும் என்றவர்கள் பக்கமும் தவறியிருக்கிறது. கோ என்ற பலகை ஆட்டத்தில் சாம்பியனை வெல்ல இயந்திரத்துக்கு இன்னும் பத்தாண்டு ஆகும் என்று பலர் நினைத்திருந்தபோது, 2016-ல் லீ செடோலை ஆல்ஃபாகோ 4-க்கு 1 என்று வென்றது. நம் வேலூரையே பாரேன், "தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை" என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இனி அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள்.

"2021-ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டுகினு ஓடுச்சே, அத வுட்டுட்ட" என்றாள் அக்கா. "ராஜா ஒருத்தர்தான் பாக்கி."